சூரியனுக்கு முதுகு காட்டிய ஏழு தொட்டிகள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். தலைக்கு மேல் சுற்றும் காற்றாடிச் சத்தத்தில் என் குரல் உங்களுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது. இன்று ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஏழு தொட்டிக் கற்றாழையும் ஒரு வில்லைக் கற்பூரமும்தான். ஆனாலும் கேட்டு முடிக்கும்போது உங்களில் யாருக்காவது காது மடல் சூடாகலாம். பயப்பட வேண்டாம், சொல்லும்போது எனக்கும் ஆகும்.

சுங்கைப் பட்டாணியில் துப்பறியும் நவமணி என்றால் கோப்பிக்கடைக்காரர்கூட வீட்டைக் காட்டுவார். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் மோதிய காடி, லோரிகளையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள். அவளுக்கு உதவியாளன் டக்ளஸ், சின்ன லோரி ஒன்றுக்குச் சொந்தக்காரன். நாற்பது வயதில் அவன் உச்சந்தலையில் முடி குறைந்துகொண்டே வந்தது, வாயில் பேச்சு கூடிக்கொண்டே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை நவமணி லோரியில் ஏறியபோது அவள் முகம் சரியில்லை.

"பசியாறியாச்சாக்கா?"

"இல்ல. குருணுக்கு விடு. மணியம் அண்ணன் செடிக்கடைக்கு."

"அதான் போன வாரமே முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்ச கேஸுக்கு அறிக்கை எழுதணும். கடைசியா ஒரு படம் எடுக்கணும்."

டக்ளஸ் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தான். ஓட்டுநர் அறைக்குப் பின்புறம், திறந்த லோரித் தட்டில், ஒரு கற்றாழைத் தொட்டியை டியூப் ரப்பரால் கட்டி வைத்திருந்தான். "அம்மா குடுத்தது. ரெண்டு மாசமா தினமும் ஒரு துண்டு தலையில தேய்க்கிறேன். ஒரு முடி வரல. செடிதான் என்னைக் கோவத்தோட முறைக்குது."

நவமணி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மனமெல்லாம் போன வெள்ளிக்கிழமையில் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

குருண் பெரிய சாலை ஓரத்தில் செடிக்கடை வைத்திருப்பவர் மணியம். கடை வாசலில், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஏழு மண் தொட்டிகளில் செங்கற்றாழை வைத்திருந்தார். பதினான்கு மாதத்துக்கு முன் காலமான அவர் மனைவி பிரேமாவதி நட்டு வளர்த்தவை. மடலெல்லாம் செம்பு நிறம். மூட்டு வலிக்கும் சூட்டுக்கும் அது மாதிரி மருந்தே இல்லை என்று அலோர் ஸ்டாரிலிருந்துகூட ஆள் தேடி வருவார்கள். மணியம் முட்டி ஆப்பரேஷனுக்காக ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது, ஒன்பது வருடமாகக் கடையில் வேலை செய்யும் யோகேஸ்வரியிடம், "இந்த ஏழையும் பிள்ளைங்க மாதிரி பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், அதே ஏழு தொட்டியில் ஏழும் பச்சைக் கற்றாழை.

நவமணியை அழைத்துக் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள், ஒரு படம் எடுத்தாள், சொல்லிவிட்டாள்: "இது வேற செடி. மாத்தி வச்சிருக்காங்க."

அன்று மாலை செமிலிங் அம்மன் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் பிரசாதத்துக்கு உட்கார்ந்திருந்தபோது மணியம் யோகேஸ்வரியைக் கூப்பிட்டு, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். "என் தோட்டத்துலேருந்து ஒன்னுமே எடுக்கலன்னு கையால அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார். யோகேஸ்வரி கையை நீட்டினாள். நெருப்புக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கை நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். கோயிலே பார்த்தது. அவள் மகள் ஷாமளாவைத் தன் மகனுக்கு நிச்சயம் பண்ணிவிட்டு ஜித்ராவிலிருந்து வந்திருந்த நளினியும் பார்த்தாள். முதலில் எழுந்து வெளியே போனவள் அவள்தான். இந்த வெள்ளி மாலை, நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கதை இங்கேதான் நிற்கிறது, கண்ணுகளா. மாலைப் பூசைக்கு இன்னும் எட்டு மணி நேரம்.

செடிக்கடை முகப்பில் மணியம் இல்லை, எங்கோ உள்ளே இருந்தார். ஏழு தொட்டிகளும் உரக் கிடங்குச் சுவரை ஒட்டி, கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே வரிசையாக இருந்தன. நவமணி கைப்பேசியைத் தூக்கினாள். படம் எடுக்கவில்லை. பழைய படத்தைத் திறந்து பார்த்தாள். மறுபடி தொட்டிகளைப் பார்த்தாள்.

"டக்ளஸ், வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"ரோட்டுப் பக்கத்துலேருந்து. இந்தப் பக்கம்தான் சுவராச்சே."

"போன வாரம் எடுத்த படத்துல ஏழும் ரோட்டைப் பாத்து சாஞ்சிருக்கு. இப்ப பாரு."

ஏழு கற்றாழையும் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

"வெட்கமா இருக்கும்கா. பச்சையாயிட்டோமேன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சுங்க."

"செடி வெளிச்சத்துக்கு முதுகு காட்டாது. நிழல்ல இருக்கிற செடி எங்க வெளிச்சம் தெரியுதோ அங்கதான் கழுத்தை நீட்டும். இதுங்க திரும்பல. யாரோ தொட்டியத் திருப்பி வச்சிருக்காங்க. ஏழையும்."

"எதுக்கு?"

"முன்னாடி இருந்த எதையோ பின்னாடி கொண்டுபோக."

அவள் குனிந்து மூன்றாவது தொட்டியில் கை வைக்கப் போனாள். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"கை வைக்காதீங்க நவமணி." மணியம் வந்து தொட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டார். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அறிக்கை எழுதிக் குடுத்தா போதும். இதை யாரும் தொடல. நானும் தொடல."

யாரும் அவரைக் கேட்கவில்லை. நவமணி தலையாட்டிவிட்டு லோரிக்கு நடந்தாள்.

"செமிலிங்குக்கு விடு. யோகேஸ்வரிகிட்ட ஒன்னு கேக்கணும்."

"போன வாரம் கேக்காததா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நவமணிக்கு அது பட்ட இடம் வேறு. போன வாரம் அவள் யோகேஸ்வரியிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

யோகேஸ்வரியின் வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில். கதவைத் திறந்தவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். உள்ளே ஷாமளா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வாங்கக்கா. உட்காருங்க. தேத்தண்ணி போடுறேன்."

"வேணாம் யோகேஸ்."

"வீட்டுக்கு வந்தவங்களை எப்படிச் சும்மா அனுப்புறது."

தேத்தண்ணி வந்தது. தன்னைத் திருடி என்று சொன்ன வாய்க்கு ஒருத்தி சீனி போட்டுக் கலக்கிக் கொடுக்கிறாள். நவமணியால் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

"அந்தத் தொட்டிங்களை நீ திருப்பி வச்சியா?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலக்கா."

அப்போது பின்கட்டிலிருந்து டக்ளஸின் குரல் வந்தது. கை கழுவப் போனவன். "அக்கா. இங்க கொஞ்சம் வாங்க."

குளியலறையின் வெளிச்சுவர் மேல், மொட்டை வெயிலில், ஒரு மைலோ டின். அதற்குள் ஒரு சாண் உயரக் கற்றாழைக் குட்டி. அவித்த இறாலைப் போல் சிவப்பு.

"செங்கற்றாழை" என்றான் டக்ளஸ். குரலில் கேலி இல்லை. "கேஸ் ரெண்டாவது தடவையா முடிஞ்சுபோச்சு."

யோகேஸ்வரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்தேங்கா" என்றாள். "மூணாவது தொட்டியில தாய்க்குப் பக்கத்துல நாலு குட்டி இருந்திச்சு. ஒன்னைப் பிடுங்கிக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்தேன். கேட்டிருந்தா மணியம் தவுக்கே குடுத்திருப்பாரு. ஆனா கேட்டு வாங்கின செடி வேர் பிடிக்காது, சொல்லாம எடுத்தாதான் பிடிக்கும்னு எங்க அம்மா சொல்லும். ஷாமளா கல்யாணத்துக்குள்ள வாசல்ல ஒன்னு வளந்தா நல்லதுன்னு நினைச்சேன்."

"கற்பூரத்துல ஏன் கையை இழுத்துக்கிட்ட?"

"செடியை மாத்தலன்னு சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தா பண்ணியிருப்பேன். 'ஒன்னுமே எடுக்கல'ன்னு பண்ணச் சொன்னாரு. அம்மன் முன்னாடி எப்படிக்கா பொய் சொல்றது?"

அந்தக் கை பின்வாங்கியதைப் பார்த்து, தான் சொன்னது சரிதான் என்று அன்று நவமணி உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தாள்.

"அந்த ஏழும் எப்படிப் பச்சையாச்சு?"

"நான்தான் ஆக்கினேன். சிமெண்டு மேல, வெயில்ல, வாரத்துக்கு ஒரு வாட்டி தண்ணி. செவந்து சுருங்கிக் கெடந்துச்சுங்க, காய்ச்சல் பிள்ளை மாதிரி. தவுக்கே பிள்ளைங்க மாதிரி பாத்துக்கன்னாரு. நெட்டுப் பந்தலுக்குக் கீழ தூக்கி வச்சேன். தினம் அரிசி கழுவின தண்ணி ஊத்தினேன். ஒரு மாசத்துல மடல் தடிச்சு பச்சைப் பசேல்னு வந்திச்சு. வந்து பாத்தா சந்தோஷப்படுவாருன்னு இருந்தேன்."

"இதை அன்னைக்கு ஏன் சொல்லல?"

"சொன்னேங்கா. செங்கற்றாழை வேற ஜாதி, பச்சை வேற ஜாதி, ஒன்னு இன்னொன்னு ஆகாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நவமணி அப்படிச் சொன்னாள்தான். பெயர் வாங்கிய வாய், யோசிக்காமல் சொன்னது.

"இந்தக் குட்டி மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

"கொண்டு வந்தப்ப இதுவும் பச்சைதான். வெட்கத்துல வாசல்ல வைக்கல, பின்னாடி சுவத்து மேல வச்சேன். அப்புறம் இதைப் பாக்கவே பிடிக்கல. தண்ணிகூட ஊத்தல."

நவமணி வெளியே வந்தாள். யோகேஸ்வரி சொல்வதை அவள் நம்பினாள். ஆனால் கோயில் நம்ப வேண்டுமே. திருடியதாக ஒப்புக்கொண்டவளின் வாய்ச்சொல்லும், அவள் வீட்டுச் சிவப்புச் செடியும் அவளுக்கு எதிராகத்தான் நிற்கும். மணியத்தின் செடி எதுவும் சாட்சிக்கு ஆகாது. மணியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செடி வேண்டும்.

லோரியின் கதவைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டக்ளஸ். காலையில என்ன சொன்ன? செடி உன்னைக் கோவத்தோட முறைக்குதுன்னு."

"ஆமா. செக்கச் செவேல்னு முறைக்குது. பாருங்களேன்."

லோரித் தட்டில், டியூப் ரப்பர் கட்டுக்குள், டக்ளஸின் கற்றாழை மைலோ டின் குட்டிக்கு அண்ணன் மாதிரி சிவந்து நின்றது.

"இது எங்க வளந்தது?"

"எங்கம்மா வீட்ல, பாத்ரூம் தண்ணி போற கானுக்குப் பக்கத்துல. நிழல்ல, ஈரத்துல, வெண்டிக்காய் மாதிரி பச்சையா இருந்திச்சு. நான் ரெண்டு மாசமா கட்டி வச்சு வெயில்ல ஊர் சுத்திக் காட்டுறேன். தண்ணி ஊத்த மறந்து மறந்து..." அவன் பேச்சை நிறுத்தினான். தலையைத் தடவிக்கொண்டான். "அக்கா, செங்கற்றாழைன்னு ஒரு ஜாதி இங்க இல்லவே இல்லையா?"

"மணியம் அண்ணன் கடையில இல்ல. அந்தச் செவப்பு வெயில் குடிச்சு, தண்ணி கெடைக்காம வந்த நிறம். இந்தப் பச்சை நிழலும் அரிசித் தண்ணியும் குடுத்தது. ரெண்டும் ஒரே செடி. இன்னும் ஒன்னுதான் பாக்கி. திரும்பு, குருணுக்கு."

"லோரி என்னைக் கேக்குது, உனக்கு வேற வேலை இல்லையான்னு."

"இல்லன்னு சொல்லு."

இந்த முறை நவமணி மணியத்திடம் அனுமதி கேட்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மூன்றாவது தொட்டியைச் சுவரிலிருந்து திருப்பினாள். அடி மடலில், பழுப்பேறிய மூன்று புள்ளிகள், ஊசியால் குத்தி ஆறிப்போன தழும்பு. நாலாவது தொட்டியைத் திருப்பினாள். அடி மடலில் மூன்று புள்ளிகள். ஐந்தாவதிலும் அப்படியே.

"இது யாரு குத்தினதுண்ணே?"

மணியம் உரமூட்டை மேல் உட்கார்ந்தார். ஊன்றுகோலைக் கீழே வைத்தார். அதைக் கீழே வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"பிரேமா" என்றார். "ஒரு மடல் அறுத்தா, அடுத்து அறுக்க வேண்டிய மடல்ல மூணு குத்து குத்தி வைப்பா. எந்த மடலும் முறை தப்பிப் போகக் கூடாதுன்னு. கடைசியா அவ குத்தினதை யாரும் அறுக்கல."

"அப்ப இதுங்க மாத்தின செடி இல்ல. அது உங்களுக்குத் தெரியும்."

"சனிக்கிழமை காலையில தெரியும். தூக்கிப் போடத்தான் வந்தேன். குனிஞ்சா, மூணு புள்ளி."

"சனிக்கிழமை." நவமணி அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னாள். "ஆறு நாளாச்சுண்ணே. அந்தப் பிள்ளையோட கல்யாணம்..."

"தெரியும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வெள்ளிக்கிழமை கற்பூரத்தைக் கொளுத்தினது நானு. சனிக்கிழமை போய் நான்தான் தப்புன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நாள் போனா ஊரு மறந்துடும்னு நினைச்சேன். ஆனா கடைக்கு வரும்போதெல்லாம் அந்த மூணு புள்ளியும் பிரேமா பாக்கிற மாதிரியே இருந்திச்சு. அதான் திருப்பி வச்சேன்."

டக்ளஸ் கேலி பேசாமல் குனிந்து மற்ற தொட்டிகளைத் திருப்பினான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

நவமணிக்குக் கோபம்தான் வந்தது. அவரைத் திட்டத்தான் கைப்பேசியை எடுத்தாள், முன்பு செடி எப்படி இருந்தது என்று அவருக்கே காட்ட. போன வாரப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். முதல் தொட்டி, அடி மடல். மூன்று புள்ளிகள். இரண்டாவது தொட்டி, மூன்று புள்ளிகள். வெளிச்சத்தில், தெளிவாக, அவளைப் பார்த்தபடி. ஏழு நாளாக அவள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எழுந்திருங்கண்ணே" என்றாள் கடைசியில். "நாம ரெண்டு பேரும் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போகணும். நீங்க ஆறு நாளு மறைச்சீங்க. நான் ஏழு நாளு பாக்காமலே பாத்தவ மாதிரி நடந்துக்கிட்டேன்."

அன்று மாலை கோயிலில் கூட்டம் அதிகம். ஊருக்கு எப்படியோ வாசனை போய்விடும். நளினி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் நிச்சயத் தட்டு. யோகேஸ்வரியையும் ஷாமளாவையும் டக்ளஸ்தான் அழைத்து வந்தான். அவர்கள் செருப்பு விடும் இடத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பூசை முடிந்ததும் நவமணி எழுந்தாள். மூன்று செடிகளை வரிசையாக வைத்தாள்: கடையிலிருந்து கொண்டு வந்த பச்சை, லோரியின் சிவப்பு, மைலோ டின் சிவப்பு.

"போன வாரம் யோகேஸ் செடியை மாத்திட்டான்னு சொன்னது நான். தப்பாச் சொன்னேன். டக்ளஸ் அம்மா வீட்டுப் பச்சைக் கற்றாழை வெயில்ல இப்படிச் செவந்திருக்கு. மணியம் அண்ணனோட செவப்பு நிழல்ல இப்படிப் பச்சையாச்சு. நிறத்தைப் பாத்து ஜாதி சொன்னேன். யோகேஸ், என்னை மன்னிச்சுரு."

மணியம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். உள்ளங்கையை அதன் மேல் வைத்து அணைத்தார்.

"யோகேஸ்வரி என் செடியை மாத்தல. இது எனக்குப் போன சனிக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. இது சத்தியம்."

கூட்டத்தில் ஓர் அலை எழுந்தது. அது அடங்குவதற்குள், செருப்புகளுக்கு அப்பாலிருந்து யோகேஸ்வரியின் குரல் வந்தது. "இதையும் கேட்டுக்குங்கண்ணே. குட்டி ஒன்னு எடுத்தேன். கேக்காம எடுத்தேன். அந்த டின்னுல இருக்கிறது அதுதான்."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னதும் நாலைந்து பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருத்தி கோபுரத்தைப் பார்த்தாள். மணியத்தின் வேலியோரம் ஒரு கொப்பைக்கூட ஒடித்துக் கைப்பையில் போடாத கை அந்த ஊரில் எத்தனை இருக்கும்?

"மாலுவா, வெக்கமா இருக்குக்கா" என்று டக்ளஸ் மெல்லச் சொன்னான். "எங்கம்மா வீட்டுக் கற்றாழைக்குத் தாய் எந்த வேலியில இருந்துச்சோ."

நளினி துணிப்பையோடு எழுந்தாள். எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். யோகேஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள்.

நளினி நேராக மணியத்திடம் போனாள்.

"அண்ணே, எனக்கு அதுல ஒரு குட்டி வேணும். எல்லார் முன்னாடியும் கேட்டு வாங்குறேன். கேட்டு வாங்கினா வேர் பிடிக்காதும்பாங்க, பாப்போம்." பிறகு செருப்புகள் கிடந்த பக்கம் திரும்பினாள். "போன வாரம் நான்தான் முதல்ல எந்திரிச்சுப் போனேன் யோகேஸ். கேட்டுட்டுப் போயிருக்கணும். இந்தத் தட்டை நான் திருப்பிக் குடுக்கல. ஜித்ராவுல அந்தக் குட்டியை நடுறதுக்கு ஷாமளா வரட்டும்."

ஷாமளா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். "திங்கக்கிழமை கடைக்கு வாம்மா" என்று மணியம் கேட்டபோது, "பாக்கலாம்ணே" என்று மட்டும்தான் யோகேஸ்வரி சொன்னாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோயில் வாசலில் நவமணி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "மத்தியானம் நீ குடுத்த தேத்தண்ணியை நான் குடிக்கல."

"பாத்தேங்கா. அப்படியே ஆறிப்போய் இருந்திச்சு." யோகேஸ்வரி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க. வேற போட்டுத் தரேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. உங்கள் வீட்டு வாசலில் வைத்த செடிக்கு வெயிலும் நிழலும் அளவாகக் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளைகளை யாரும் நிறம் பார்த்துப் பெயர் சொல்லாதிருக்கட்டும். தப்பாகச் சொல்லிவிட்ட சொல்லை, ஆறு நாள் சுமக்காமல் அன்று மாலையே இறக்கி வைக்கும் தெம்பை அம்மன் உங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும். தலை குனிந்து வருகிறவர்களுக்கும் ஊற்றிக் கொடுக்க, உங்கள் அடுப்பில் எப்போதும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி சூடாக இருக்கட்டும். நல்லா இருங்கள்.